நாட்பட்ட கணைய அழற்சி: எண்டோஸ்கோப்பியா, அறுவை சிகிச்சையா, மருந்தோடு பொறுத்திருப்பதா?

“மூன்று முறை ஸ்டென்ட் மாற்றியாகிவிட்டது. வலி இரண்டு மாதம் அடங்குகிறது, பிறகு திரும்பவும் வந்துவிடுகிறது. இப்போது அறுவை சிகிச்சை என்கிறார்கள். வயிற்றைத் திறக்காமல் இன்னும் ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கலாமா?” நாட்பட்ட கணைய அழற்சியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சொற்களில் கேள்வி வந்து சேர்கிறது. (எண்டோஸ்கோப்பி என்பது வாய்வழியே வளையும் குழாய்க்கருவியைச் செலுத்திச் செய்வது. ஸ்டென்ட் என்பது அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கச் செருகும் சிறு குழல்.) கேட்பவர் பல நேரங்களில் நோயாளி அல்லர். இரவெல்லாம் முழங்காலை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மனைவியாகவோ மகனாகவோ இருப்பார். அந்த உட்காரும் முறையே நோயின் அடையாளம். மல்லாந்து படுத்தால் கூடும் வலி, முன்னால் குனிந்தால் சற்றே குறைகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்டோஸ்கோப்பி பலருக்குச் சரியான முதற்படிதான். ஆனால் “இத்தனை வாரத்துக்குள் பலன் தெரியாவிட்டால் வழியை மாற்றுவோம்” என்று தொடங்கும்போதே நாள் குறித்துக்கொள்ளாவிட்டால், அது சிகிச்சையாக இல்லாமல், அறுவை சிகிச்சைக்கு உகந்த காலத்தைத் தின்றுவிடும் காத்திருப்பாக மாறிவிடும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் வலியின் ஊற்று. கணையக் குழாயில் கல்லோ சுருக்கமோ ஏற்பட்டு, கணைய நீர் தேங்கி, அழுத்தம் கூடி வரும் வலி ஒரு வகை. ஆண்டுக்கணக்கான அழற்சியால் கணையத்தைச் சுற்றியுள்ள நரம்புகளும், பின்னர் தண்டுவடமும் மூளையும்கூட வலிக்குப் பழகி, தடை நீங்கிய பிறகும் வலியைத் தொடர்ந்து உணர்த்திக்கொண்டிருப்பது இன்னொரு வகை. முதல் வகையில் அடைப்பை நீக்கினால் நிவாரணம் கிடைக்கும். இரண்டாம் வகையில் எந்தக் கருவியைக் குழாய்க்குள் செலுத்தினாலும் பெரிய மாற்றம் இராது. ஒரே நோயாளியிடம் இரண்டும் கலந்திருப்பதுதான் வழக்கம் என்பதால், தடை எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கணையத்தின் வடிவம்: முதன்மைக் குழாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, கல் தலைப்பகுதியில் மட்டும் உள்ளதா, வால் வரை பரவியுள்ளதா, தலைப்பகுதி வீங்கிக் கட்டிபோல் திரண்டிருக்கிறதா. மூன்றாவது, காலம்: வலி தொடங்கி எத்தனை மாதமாயிற்று, மார்ஃபின் போன்ற ஓபியாய்ட் வகை வலிநிவாரணிகளை எவ்வளவு காலமாக உட்கொள்கிறார். நான்காவது, மறைமுகச் சுமை: எத்தனை முறை மருத்துவமனைக்குத் திரும்பி வர வேண்டும், எத்தனை முறை மயக்க மருந்து, எத்தனை நாள் வேலை இழப்பு. ஐந்தாவது, திரும்பப் பெற முடியாத இழப்பு: எந்த வழி எஞ்சியிருக்கும் இன்சுலின் சுரப்பையும் செரிமான நொதிகளையும் பாதிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. நாட்பட்ட கணைய அழற்சிபோல் தோன்றுவது கணையப் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்பதை விலக்கியாக வேண்டும். ஸ்டீராய்டு மருந்துக்கே நன்கு அடங்கும் தன்னெதிர்ப்பு வகைக் கணைய அழற்சியையும் அடையாளம் கண்டுவிட வேண்டும். அவர்களுக்கு ஸ்டென்டும் கத்தியும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

## நோயைக் கண்டறிவதில் எது எதற்கு?

சி.டி. ஸ்கேன் முதலில் செய்ய வேண்டியது. சுண்ணாம்புப் படிவு, கல்லின் இடம், கணையத் தேய்வு, நீர்க்கட்டி, இரத்தக்குழாய்ச் சிக்கல் ஆகியவற்றை இது தெளிவாகக் காட்டும். தொடக்கநிலை நோயை மட்டும் தவறவிடக்கூடும்.

எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. கதிர்வீச்சு இல்லாமல், எதையும் உள்ளே செலுத்தாமல், கணையக் குழாயின் முழு வரைபடத்தைத் தருகிறது. கணைய நீரைச் சுரக்கத் தூண்டும் செக்ரெடின் ஊசியுடன் எடுத்தால் கிளைக்குழாய்களும் தெளிவாகத் தெரியும். சுண்ணாம்புப் படிவைக் காண்பதில் சி.டி.யை விடப் பின்தங்கியது.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், அதாவது இ.யு.எஸ்., இரைப்பைக்குள்ளும் முன்சிறுகுடலுக்குள்ளும் நின்று கணையத்தைச் சில மில்லிமீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது. சி.டி.யும் எம்.ஆர்.சி.பி.யும் முடிவு சொல்லாத நிலையில் இதன் மதிப்பு மிகப் பெரியது. சந்தேகத்துக்குரிய கட்டியிலிருந்து அதே அமர்வில் ஊசியால் திசு எடுக்கவும் முடியும். ஆனால் இதன் நுண்மையே இதன் பலவீனமும் ஆகிறது. 2009இல் வெளியான ரோஸ்மான்ட் அளவுகோல்கள் குழாயிலும் திசுவிலும் பார்க்க வேண்டிய மாற்றங்களைப் பெரியவை, சிறியவை என்று தரம் பிரித்தன. அப்படியிருந்தும் ஒரே படத்தை இரு வல்லுநர்கள் வேறுவேறாகப் படிப்பது நடக்கிறது. வயது, புகைப்பழக்கம், மது, உடல்பருமன் ஆகியவை நோயில்லாதவரின் கணையத்திலும் ஒத்த மாற்றங்களைக் காட்டக்கூடும். ஆகவே இ.யு.எஸ். அறிக்கையில் இரண்டு மூன்று சிறு மாற்றங்கள் எழுதப்பட்டிருப்பதை மட்டும் வைத்து ஒருவரை வாழ்நாள் நோயாளி என்று முத்திரை குத்துவது தவறு. எதிர்ப்பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு: நார்த்திசு நிறைந்த கணையத்தில் ஊசித் திசுச் சோதனை புற்றுநோயைத் தவறவிடும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் ஒருமுறை “இல்லை” என்று வந்த முடிவோடு நின்றுவிடக் கூடாது.

ஈ.ஆர்.சி.பி. என்பது எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை செலுத்தி, கணையக் குழாய்க்குள் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் முறை. 1968 முதல் அது வழக்கத்துக்கு வந்தபோது கணையக் குழாயைக் காண்பதற்கு அதுவே சிறந்த வழியாக இருந்தது. இன்று நோயைக் கண்டறிவதற்காக மட்டும் அதைச் செய்ய வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை. பொதுவாக 100 பேரில் 3 முதல் 10 பேர் வரை இந்தச் செயல்முறைக்குப் பிறகு கடும் கணைய அழற்சிக்கு ஆளாகிறார்கள். நார்த்திசு கெட்டிப்பட்ட முற்றிய நோயில் இந்த அபாயம் குறைவு. நோய் இருக்கிறதா என்றே தெரியாத, ஏறக்குறைய இயல்பான கணையத்தில்தான் இது கூடுதல். எனவே “பார்த்துவிடுவோம்” என்பதற்காக ஈ.ஆர்.சி.பி. பரிந்துரைக்கப்பட்டால், எம்.ஆர்.சி.பி.யும் இ.யு.எஸ்.ஸும் ஏன் போதவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி.

## மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமும்

இதை ஒரு தனித் தேர்வாகக் கருதுவதைவிட, மற்ற இரண்டுக்கும் அடித்தளமாகக் கொள்வதே சரி. மதுவையும் புகையிலையையும் முழுவதும் நிறுத்துவது நோயின் வேகத்தைக் குறைக்கிறது. புகையிலை மதுவைச் சாராத தனிக் காரணி என்பது பலருக்குத் தெரிவதில்லை. செரிமான நொதி மாத்திரைகளைப் பிரதான உணவுக்கு 40,000 முதல் 50,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) அலகு வரையிலும், சிற்றுண்டிக்கு அதில் பாதியும் என்று தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டுகிறார்கள். உணவுக்கு முன்போ பின்போ விழுங்காமல் உண்ணும்போதே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பல வீடுகளில் கடைப்பிடிக்கப்படாத விவரம். மாத்திரை “வேலை செய்யவில்லை” என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பது, எடை குறைவது, ஏ, டி, ஈ, கே ஆகிய கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் குறைவது ஆகியவற்றுக்கு இந்த மாத்திரை தீர்வு. வலிக்கு இதை நம்பியிருக்க முடியாது.

வலியைப் பொறுத்தவரை, சாதாரண வலிநிவாரணிகளுக்கு அடுத்து, நரம்புவழி வலிக்கான ப்ரீகாபாலின் ஓரளவு உதவுவதாக 2011இல் 64 பேரிடம் மூன்று வாரம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. அதற்கும் மேலான படி ஓபியாய்ட் மருந்துகள். மருந்து வழியின் மறைமுக விலை இங்கேதான் இருக்கிறது: மலச்சிக்கல், பழக்க அடிமைத்தனம் ஆகியவற்றோடு, நீண்ட காலப் பயன்பாட்டில் வலியுணர்வே கூர்மையாகிவிடுவதும் நேர்கிறது. “இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையிலேயே ஓட்டுவோம்” என்று மாதங்கள் கழிந்தால், பின்னால் செய்யும் எந்த அடைப்பு நீக்கமும் முழுப் பலன் தருவது கடினமாகிவிடும்.

வலி எப்போதாவது வந்து போகிறது, குழாயில் பெரிய அடைப்பு இல்லை என்றால் மருந்து வழியே மேலானது. வலியே இல்லாதவருக்கு ஸ்கேனில் கல் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் அதை எடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.

## எண்டோஸ்கோப்பி வழிச் சிகிச்சை

இதில் ஒன்றுக்கு மேற்பட்ட செயல்முறைகள் அடங்கும். கணையக் குழாயின் வாயை வெட்டி அகலப்படுத்துவது, சுருக்கத்தைப் பலூனால் விரிப்பது, சிறு கற்களைக் கூடையாலோ பலூனாலோ இழுத்து எடுப்பது, சுருக்கத்தின் குறுக்கே ஸ்டென்ட் வைப்பது ஆகியவை ஈ.ஆர்.சி.பி. வழியாக நடப்பவை. 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல், குழாயின் சுவரில் சுண்ணாம்பாக இறுகிப் பதிந்திருக்கும்போது இழுத்தால் வராது. கூடையே அதில் மாட்டிக்கொள்ளும். அதற்காகத்தான், சிறுநீரகக் கல்லுக்குப் பயன்படும் அதே அதிர்வலைச் சிகிச்சையை 1987 முதல் கணையத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் அலைகள், ஓர் அமர்விலோ சில அமர்வுகளிலோ, கல்லை 2, 3 மி.மீ. துகள்களாக நொறுக்குகின்றன. துகள்கள் தாமாகவே வெளியேறுவதும் உண்டு. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 55 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அதிர்வலை மட்டும், மற்றதற்கு அதிர்வலையோடு எண்டோஸ்கோப்பியும் என்று செய்து பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளில் வலி திரும்பியவர்களின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. செலவு மட்டும் இரண்டாம் பிரிவில் மிகக் கூடுதலாயிற்று. நொறுக்கிய துகள்களை ஈ.ஆர்.சி.பி. செய்து எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்பதற்கு இந்த ஆய்வு இடம் தருகிறது.

சுருக்கம் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. வழக்கமாக வைப்பது 10 ஃபிரெஞ்ச் தடிமனுள்ள பிளாஸ்டிக் ஸ்டென்ட். அதாவது வெறும் 3.3 மி.மீ. விட்டமுள்ள குழல். வெளியே எடுத்த பழைய ஸ்டென்டைப் பார்த்தால், உள்வழி முழுவதும் கசடு கெட்டியாக அடைத்திருப்பதை வெறும் கண்ணாலேயே காணலாம். அதனால்தான் இதை ஏறக்குறைய ஓராண்டு முழுவதும், இடையிடையே மாற்றியபடி, வைத்திருக்கத் திட்டமிடுகிறார்கள். “ஒரு ஸ்டென்ட்” என்று ஒப்புக்கொள்பவர் உண்மையில் ஒப்புக்கொள்வது ஓராண்டில் பல முறை வந்து போகும் ஏற்பாட்டுக்கு. இந்தக் கணக்கை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

யாருக்கு இது நன்றாகப் பலிக்கும்? கல் கணையத்தின் தலைப்பகுதியில் மட்டும் இருந்து, எண்ணிக்கை குறைவாக இருந்து, நோய் தொடங்கி அதிக காலம் ஆகாமல், வலித் தாக்குதல்கள் அடிக்கடி நிகழாமல், மதுவும் புகையும் நின்றுவிட்டவருக்கு. இவர்களில் பலர் அறுவை சிகிச்சை இல்லாமலே நன்றாக வாழ்கிறார்கள். இவர்களை நேரடியாக அறுவை மேசைக்கு அனுப்புவது சரியல்ல.

பலன் எவ்வளவு உறுதியானது என்பதில் நேர்மையோடு பேச வேண்டும். இந்தியாவில் 106 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உண்மையான அதிர்வலையும் எண்டோஸ்கோப்பியும், மற்றவர்களுக்குச் செய்வதுபோன்ற பாவனை மட்டுமே செய்யப்பட்டன. 12 வாரத்தில் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் வலி சிறிதளவே கூடுதலாகக் குறைந்திருந்தது. 24 வாரத்தில் அந்த வேறுபாடும் நிலைக்கவில்லை. இதனால் இந்தச் சிகிச்சை வீண் என்று ஆகிவிடாது. யாருக்குச் செய்கிறோம் என்ற தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதையும், செய்த பிறகு வரும் முதல் சில வாரங்களின் நிம்மதியை வைத்து வெற்றி என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதையும் இது உணர்த்துகிறது. ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி வழிகாட்டுதல், 6 முதல் 8 வாரத்தில் மறுமதிப்பீடு செய்து, திருப்தியான பலன் இல்லையென்றால் அறுவை மருத்துவர் உள்ளிட்ட குழுவோடு கலந்து வழியை மாற்றச் சொல்கிறது. எனக்குத் தெரிந்து நடைமுறையில் அதிகம் தவறவிடப்படும் பரிந்துரை இதுதான்.

இ.யு.எஸ். வழியாக, கணையத்தின் வலியைக் கடத்தும் நரம்புமுடிச்சில் மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் செலுத்தும் முறையும் உண்டு. பலன் கிடைத்தாலும் சில மாதங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. வேறெதுவும் இயலாத நிலையில் சிறிது இடைவெளி பெறுவதற்கு உதவும்.

## அறுவை சிகிச்சை

விரிந்த கணையக் குழாயை நீளவாக்கில் திறந்து சிறுகுடலோடு இணைப்பது ஒரு வகை. தலைப்பகுதி வீங்கியிருந்தால் அதன் உட்பகுதியைக் குடைந்தெடுத்து, குழாயையும் திறந்து குடலோடு இணைக்கும் ஃப்ரே முறை போன்றவை இன்னொரு வகை. புற்றுநோய்ச் சந்தேகம் நீங்காதபோது தலைப்பகுதியை முழுவதும் அகற்றும் விப்பிள் முறை. எல்லாம் தோற்றவர்களுக்கு, குறிப்பாக மரபுவழிக் கணைய அழற்சி உள்ளவர்களுக்கு, கணையத்தை முழுவதும் அகற்றி அதிலுள்ள இன்சுலின் சுரக்கும் செல்திட்டுகளைப் பிரித்தெடுத்துக் கல்லீரலுக்குள் செலுத்தும் சிறப்புச் சிகிச்சை.

இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் குறைவுதான்; ஆனால் அவை ஒரே திசையில் பேசுகின்றன. 2007இல் வெளியான டச்சு ஆய்வில் 39 பேர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் முழுமையாகவோ ஓரளவோ வலி நீங்கியவர்கள் அறுவைப் பிரிவில் 75 சதவீதம், எண்டோஸ்கோப்பிப் பிரிவில் 32 சதவீதம். அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில், எண்டோஸ்கோப்பியில் தொடங்கியவர்களில் 47 சதவீதத்தினர் இறுதியில் அறுவை சிகிச்சைக்கே வந்திருந்தார்கள். 2020இல் வெளியான, 88 பேரைக் கொண்ட எஸ்கேப் ஆய்வு இன்னும் கூர்மையான கேள்வியைக் கேட்டது: ஓபியாய்ட் தொடங்கிச் சிறிது காலமே ஆனவர்களுக்கு, படிப்படியாகப் போகாமல் அறுவை சிகிச்சையை முன்கூட்டியே செய்தால் என்ன? 18 மாதங்களில் 100க்குக் கணக்கிட்ட சராசரி வலி மதிப்பெண் அறுவைப் பிரிவில் 37, மற்றதில் 49. ஆய்வின் முடிவில் வலி நீங்கியவர்களின் விகிதம் 58 சதவீதம், 39 சதவீதம் என்று இருந்தது. புள்ளியியல்படி இந்த விகித வேறுபாடு உறுதியானதாகக் கொள்ளப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதன் விலை வெளிப்படையானது. பெரிய மயக்க மருந்து, வாரக்கணக்கில் தேறும் காலம், காயத் தொற்று, இணைப்பில் கசிவு, அரிதாக உயிரிழப்பு. திசுவை அகற்றும் அளவுக்கேற்ப நீரிழிவும் நொதிக்குறைவும் கூடலாம். குழாய் விரியாமல் ஒடுங்கியே இருப்பவருக்கு எளிய இணைப்பு அறுவை பொருந்தாது. கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்), கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையில் உயர் அழுத்தம், மோசமான ஊட்டநிலை உள்ளவர்களுக்கு அபாயம் பன்மடங்காகும். மேலும், கணைய அறுவையை அடிக்கடி செய்யும் குழுவின் கையில் கிடைக்கும் முடிவும், எப்போதாவது செய்யும் இடத்தில் கிடைக்கும் முடிவும் ஒன்றல்ல.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மருந்து | எண்டோஸ்கோப்பி, அதிர்வலை | அறுவை சிகிச்சை |
|---|---|---|---|
| பொருத்தமான நிலை | அடைப்பு இல்லாத, விட்டுவிட்டு வரும் வலி | தலைப்பகுதியில் சில கற்கள் அல்லது ஒரே சுருக்கம் | விரிந்த குழாய், பரவிய கற்கள், வீங்கிய தலைப்பகுதி |
| வலி நிவாரணம் நீடிப்பது | மிக மாறுபடும் | பலருக்குக் குறைந்த காலம். தேர்ந்தவர்களுக்கு நீண்ட காலம் | ஒப்பீட்டளவில் நீண்ட காலம் |
| திரும்ப வர வேண்டிய தேவை | தொடர் கண்காணிப்பு | ஸ்டென்ட் என்றால் ஓராண்டில் பல முறை | பெரும்பாலும் ஒரே முறை |
| உடனடி அபாயம் | குறைவு | கடும் கணைய அழற்சி, தொற்று, இரத்தக்கசிவு | பெரிய அறுவைக்குரியவை அனைத்தும் |
| மறைமுக விலை | ஓபியாய்ட் பழக்கம், காலம் கடத்தல் | அறுவைக்கு உகந்த காலம் நழுவுதல், வேலை இழப்பு | நீரிழிவு, நொதிக்குறைவு கூடுதல் |

## எண்டோஸ்கோப்பியே முந்தும் இடம்

மேலே சொன்ன ஆய்வுகளைப் படித்துவிட்டு எண்டோஸ்கோப்பியை ஒதுக்கிவிடக் கூடாத ஒரு நிலை உண்டு. கணையத்தை ஒட்டித் திரளும் பொய்நீர்க்கட்டி வலியோ வாந்தியோ தரும்போது, இ.யு.எஸ். வழிகாட்டலில் இரைப்பைச் சுவர் வழியாகத் துளையிட்டு ஸ்டென்ட் வைத்து வடிப்பது முதல் தேர்வு. 40 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஒப்பீட்டில், வெற்றி விகிதத்தில் அறுவைக்குக் குறையாமலும், மருத்துவமனையில் தங்கும் நாட்களில் பாதிக்கும் குறைவாகவும் இருந்தது. ஒரே நிபந்தனை: துளையிடுவதற்கு முன் கட்டியின் சுவரில் இரத்தக்குழாய் வீக்கம் இல்லை என்பதை, இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி.யில் உறுதிசெய்திருக்க வேண்டும்.

பித்தநாளம் நெரிபட்டு மஞ்சள்காமாலை வரும்போதும் முதலில் எண்டோஸ்கோப்பிதான். பல பிளாஸ்டிக் ஸ்டென்ட்களோ, முழுவதும் உறையிட்ட ஓர் உலோக ஸ்டென்டோ ஏறக்குறைய ஓராண்டு வைக்கப்படும். வந்து மாற்றிக்கொள்வதில் ஒழுங்கு தவறக்கூடும் என்று தம்மைப் பற்றியே ஐயம் உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு உலோக ஸ்டென்டோ அறுவையோ பாதுகாப்பானதாக இருக்கலாம்.

தொடக்கத்தில் வந்த கேள்விக்குத் திரும்புகிறேன். மூன்று முறை மாற்றியும் இரண்டு மாதத்துக்கு மேல் வலி அடங்கவில்லை என்றால், நான்காவது ஸ்டென்ட் முந்தைய மூன்றும் தராததைத் தரும் என்று எதிர்பார்க்க எந்தச் சான்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஸ்டென்ட் உள்ளே இருந்தபோது வலி உண்மையிலேயே குறைந்திருந்தால், அதுவே ஒரு பயனுள்ள செய்தி: வலியின் பெரும்பகுதி அடைப்பிலிருந்து வருகிறது, ஆகவே குழாயை நிரந்தரமாகத் திறந்துவிடும் அறுவை பலிக்க வாய்ப்பு நன்றாக இருக்கிறது. ஸ்டென்ட் இருந்தபோதும் வலி அப்படியே நீடித்திருந்தால், அறுவைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் நரம்புவழி வலியைக் கையாளும் மருத்துவரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் அறுவை மருத்துவரைச் சந்திப்பதை இனியும் தள்ளிப்போட வேண்டாம். சந்திப்பது என்றாலே அறுவைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது.

சந்திக்கப் போகும்போது ஒரு தாளில் ஒவ்வொரு ஸ்டென்டும் வைத்த நாள், எடுத்த நாள், அதன் தடிமன், இடையில் எத்தனை நாள் வலி இல்லாமல் இருந்தது என்பதை வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். இப்போது உள்ளே ஒரு ஸ்டென்ட் இருந்தால், அதை எடுக்க வேண்டிய நாளையும் அதே தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். பித்தநாளத்தில் ஸ்டென்ட் உள்ளவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ தென்பட்டால், குறித்த நாள் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.